லிப்டன் சீட்: 9 வருடங்களாக ஏறி இறங்கிய அனுபவம்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் காட்சிமுனைதான் லிப்டன் சீட். வருடத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது அங்கே போகிறோம். வீடு பண்டாரவளையில். பஸ்ஸில் ஹப்புத்தளை, அங்கிருந்து தம்பேதன்ன பஸ். 1890இல் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையடியில் இறங்கினால் உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடை. பஸ் காசு, சின்னதாக ஒரு நுழைவுக் கட்டணம், வீட்டிலிருந்து கட்டிப்போகும் ரொட்டியும் சம்பலும். அவ்வளவுதான் செலவு.

ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஒருமுறை போனோம். அங்கே ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பின் 800 மீட்டருக்கும் மேலான பள்ளத்தைப் பார்க்க விடியற்காலை 3 மணிக்கே வேனில் கிளம்பினோம். போய் நின்றால் எதிரே வெறும் பனிமூட்டம். வேன் கூலிக்குச் சேர்த்த காசை நினைத்து மனைவி வழியெல்லாம் பேசவே இல்லை.

லிப்டன் சீட்டிலும் பனி மூடும். காலை 9 மணி தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து மளமளவென்று ஏறி வந்துவிடும். பாதித் தடவை எங்களுக்கு ஒன்றுமே தெரிந்ததில்லை. ஆனாலும் "சரி, அடுத்த மாதம் வருவோம்" என்று இறங்கிவிடலாம். பக்கத்து மலையின் பெரிய பெறுமதியாக நான் நினைப்பது இதைத்தான். வெளிக்கிற நாளில் தெற்கே தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம் தகடு மாதிரி மின்னும்.

மகள் மலை ஏறப் பழகியதும் இங்கேதான். நான்கு வயதில் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகை வரைதான் கால் போனது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை உதறிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "போதும் கண்ணு, மிச்சத்த அடுத்த தடவ ஏறலாம்" என்றார். அப்படியே ஒவ்வொரு முறையும் ஒரு வளைவு கூடியது. ஏழு வயதில் உச்சிக்கு வந்து, வாங்கில் உட்கார்ந்திருக்கும் லிப்டன் சிலைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். இந்தத் தேயிலையை நட்டு வளர்த்த நம் ஆட்களைப் பற்றி அவளுக்கு அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

குறையும் உண்டு. விடுமுறை நாட்களில் ஆட்டோ நெரிசல், வழியோரம் பிளாஸ்டிக் போத்தல்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியுள்ள அம்மாவை இந்த முறை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நாங்கள் நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது, தேத்தண்ணிக் கடையில் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.