பழைய ஸ்விஸ் குரோனோகிராஃப் (ஸ்டொப்வொட்ச்சும் சேர்ந்த கைமணிக்கூடு) வாங்கப் போறவங்க கவனம், எனக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் போச்சு

கோவத்தில எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபா. கொழும்பில பழைய மணிக்கூடு விக்கிற ஒரு ஒன்லைன் பக்கம், ஆள் கடை மாதிரி ஒரு அறையும் வச்சிருக்கிறார், பேர் போடேல்ல.

அறுபதுகளில வந்த மூண்டு சின்ன டயல் குரோனோகிராஃப், உள்ளுக்கு வால்ஜூ எண்ட ஸ்விஸ் கம்பனியிட 72ஆம் நம்பர் மெஷின், "பழைய ரோலெக்ஸ் டேடோனாவுக்குள்ள ஓடினதும் இந்த மெஷின்தான் தம்பி" எண்டார். அது உண்மைதான், அதாலதான் அந்த மூவ்மென்ட்டுக்கு இந்த விலை. பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னன். போனில படம் காட்டினார், கொலம் வீல் (ஸ்டொப்வொட்ச்சை ஓட்டி நிப்பாட்டுற, தூண் தூணா நிக்கிற சக்கரம்) வடிவாத் தெரியுது, 72 எண்டும் அடிச்சிருக்கு. "இப்ப திறந்தா உள்ளுக்குத் தூசி போயிடும், நானும் வெள்ளவத்தைதான், உங்களை ஏமாத்திப்போட்டு எங்க போறது" எண்டு தேத்தண்ணியும் தந்தார். அந்தத் தேத்தண்ணியை நினைக்க இப்பவும் வயிறெரியுது.

அண்டிரவு லைட்டை நூத்துப்போட்டுப் பாத்தா முள்ளெல்லாம் பச்சையா எரியுது. டயலில "டி ஸ்விஸ் டி" எண்டு கிடக்கு, அப்ப டிரிடியம், இருட்டில தானா எரியிற கதிரியக்கப் பூச்சு. அது 12 வருசத்துக்கொருக்கா பாதியாக் குறையிற சாமான், அறுபதுகளில பூசினது இப்ப விடிய விடிய எரியுமா? காலமையே புறக்கோட்டையில மணிக்கூடு திருத்துற ஐயாட்ட ஓடினன். திறந்தார். உள்ளுக்குக் கிடந்த மெஷினிட நம்பர் 7736. அதுவும் வால்ஜூதான், ஆனா கொலம் வீல் இல்லை, அதுக்குப் பதிலா கேம் எண்ட தகட்டில ஓடுறது, விலை எங்கயோ கீழ. டயலும் திருப்பிப் பெயின்ட் அடிச்சதாம்.

கோல் எடுத்தா "வெளியில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்". வட்ஸ்அப்பில நீலம் விழுது, பதில் இல்லை. நேர போனா "விண்டேஜ் சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை, பில்லில போட்டிருக்கு" எண்டார், பில்லைப் பாத்தா சாமான் பேருக்கு "பழைய மணிக்கூடு" எண்டு மட்டும்தான். கடைசியா, நான்தான் மெஷினை மாத்திப்போட்டு வந்து நிக்கிறனாம்! 4 லட்சத்து 80 ஆயிரத்தையும் வாங்கி வச்சுக்கொண்டு என்னையே கள்ளனாக்கிறார்.

என்னென்ன பாத்து வாங்கோணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், இப்ப ஏலாது. பின்மூடி திறக்காமக் காசு குடுக்காதேங்க. போன் படத்தை நம்பாதேங்க, பலன்ஸ் வீலுக்கு (அங்கால இங்கால ஆடுற சக்கரம்) கிட்ட அடிச்சிருக்கிற நம்பரை உங்கட கண்ணால பாருங்க, அதே நம்பரைப் பில்லில எழுதி வாங்குங்க. இரவில எரியிற டிரிடியம் டயல் எண்டா தொடவே வேண்டாம். நுகர்வோர் அதிகார சபையிட 1977 எண்ட போன் நம்பருக்கு எடுத்து முறைப்பாடு குடுத்திட்டன், ஐயா திறந்தபோது எடுத்த படங்களும் கையில இருக்கு, 4 லட்சத்து 80 ஆயிரமும் வரும்வரைக்கும் விடமாட்டன்.