ஜார்ஜியாவின் கடலோரத் தீவுகள்: டைபீயா, ஜெக்கிலா, கம்பர்லண்டா?

அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஜார்ஜியா மாநிலத்துக்குக் கடற்கரை குறைவு. நேராக அளந்தால் ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான் வரும். ஆயினும் அந்தச் சிறு தொலைவுக்குள் கரைக்கு இணையாக நீண்டு அலைகளைத் தடுக்கும் பத்துக்கும் மேற்பட்ட தடுப்புத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புச் சதுப்பு நிலம் பரந்திருக்கிறது. இங்கே கரை உள்வாங்கி வளைந்திருப்பதால், கடல் மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழும் ஓதம் இரண்டு முதல் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. மயாமியிலோ வட கரோலினாவின் முனையிலோ இந்த உயரம் இல்லை. ஆகவே காலையில் நடந்த மணல்வெளி நண்பகலில் நீருக்கடியில் இருந்தால் வியப்பதற்கில்லை.

இத்தீவுகளில் காரில் போகக்கூடியவை நான்கு. அவற்றுள் சீ ஐலண்ட் விடுதி விருந்தினருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் உரியது. செயின்ட் சைமன்ஸ் வசதியான ஊர், ஆனால் ஊர்தான். மிஞ்சும் டைபீயையும் ஜெக்கிலையும், படகில் மட்டுமே போகக்கூடிய கம்பர்லண்டையும் ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கும். மூன்றிலும் மணலும் கடலும் பெரிதாக வேறுபடுவதில்லை. உள்ளே போகும் வழி எவ்வளவு எளிது என்பதும், அந்த எளிமைக்கு யார் வரம்பு கட்டினார்கள் என்பதுமே ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக ஆக்கியிருக்கின்றன.

டைபீக்கு யாரும் வரம்பு கட்டவில்லை. சவானா நகரிலிருந்து அரை மணி நேரப் பயணம். கோடை வார இறுதியில் கார் நிறுத்த இடம் தேடுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிவிடும். 178 படிகள் கொண்ட கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், போகும் வழியில் காக்ஸ்பர் தீவில் உள்ள புலாஸ்கி கோட்டை டைபீயைவிட மேலானது. தகர்க்க முடியாதது என நம்பப்பட்ட அந்தச் செங்கல் கோட்டையை, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862 ஏப்ரலில் டைபீயில் நிறுத்தப்பட்ட புதுவகைப் பீரங்கிகள் 30 மணி நேரத்தில் பணியவைத்தன. உடைந்த பகுதியைப் பிற்பாடு வேறு நிறச் செங்கல்லால் அடைத்திருப்பதும், சுவரில் குண்டு பாய்ந்த குழிகள் இன்றும் அப்படியே இருப்பதும் அருகே சென்றால் தெளிவாகத் தெரிகின்றன. சவானாவில் தங்குபவர் ஒரு மாலைப்பொழுதை இங்கே செலவிடலாம். இதற்கென்றே அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வர வேண்டியதில்லை.

ஜெக்கிலின் கதை வேறு. 1886-ல் பெருஞ்செல்வர்கள் கூடி ஒரு மன்றம் அமைத்து, வேட்டைக்கும் குளிர்கால ஓய்வுக்குமாக இத்தீவையே வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்க மத்திய வங்கி அமைப்புக்கான முதல் வரைவு 1910 நவம்பரில், வாத்து வேட்டை என்று வெளியே சொல்லிவிட்டு, இங்கேதான் இரகசியமாக எழுதப்பட்டது. 1947-ல் மாநில அரசு தீவைக் கையகப்படுத்தியது. ஓத மட்டத்துக்கு மேலுள்ள நிலத்தில் 35 விழுக்காட்டுக்கு மேல் கட்டடம் எழக்கூடாது என்று 1971-ல் சட்டமும் இயற்றியது. பின்னர் சதுப்பு நிலத்தையும் தரைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற சச்சரவு எழுந்து, கடைசியில் 2014-ல் ஏக்கர் கணக்கிலேயே வரம்பைக் குறிக்க வேண்டியதாயிற்று. வாயிலில் கார் ஒன்றுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள், உள்ளே கிடைக்கும் அமைதிக்கு இந்தச் சட்டத்தோடு அந்தக் கட்டணமும் ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே எல்லோரும் படமெடுக்கும் இடம் வடமுனையில் உள்ள டிரிஃப்ட்வுட் கடற்கரை. பெயர் சற்றே ஏமாற்றும். அங்கே கிடப்பவற்றில் பெரும்பாலானவை மிதந்து வந்த கட்டைகள் அல்ல, அங்கேயே வளர்ந்த ஓக் மரங்களும் பைன் மரங்களும்தான். கடல் கரையை அரிக்க அரிக்கக் காட்டின் விளிம்பு மணலில் சரிகிறது. உப்பில் பட்டுப்போன மரங்கள் பட்டையுரிந்து, வேரைப் பரப்பியபடி, எலும்பு நிறத்தில் நிற்கின்றன. ஓதம் ஏறிய நேரத்தில் போனால் கால் வைக்கவும் மணல் இராது என்பதால், ஓத அட்டவணையைப் பார்க்காமல் புறப்படுவது வீண். தென்கோடிக்குச் செல்பவர் குறைவு. அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின், 1858 நவம்பரில் வாண்டரர் என்ற கப்பல் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கியது இத்தீவில்தான். அதன் நினைவிடம் அந்தப் பக்கம் இருக்கிறது. டிரிஃப்ட்வுட்டைப் பார்த்துவிட்டு இதைப் பாராமல் திரும்புவது பாதித் தீவைப் பார்த்ததாகவே ஆகும்.

கம்பர்லண்டுக்குப் பாலம் இல்லை. செயின்ட் மேரீஸ் என்ற சிற்றூரிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். காருக்கு இடமில்லை, தீவில் கடை கிடையாது, கொண்டுபோன உணவின் குப்பையைக் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 300 பேர் என்று 1980களில் வகுத்த அளவை உயர்த்தும் பேச்சு எழுந்திருந்தாலும், 28 கிலோமீட்டர் நீளமுள்ள தீவில் கூட்டம் என்ற உணர்வே எழுவதில்லை. 1972-ல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்படும் முன் தீவின் பெரும்பகுதி எஃகுத் தொழிலில் செல்வம் சேர்த்த கார்னகி குடும்பத்தின் கையில் இருந்தது. 1959-ல் தீப்பிடித்த அவர்களுடைய டஞ்சனஸ் மாளிகையின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. அருகே அதைவிடப் பழைய சிறுவீடு ஒன்று, சிப்பியைச் சுட்ட சுண்ணாம்போடு மணலையும் முழுச் சிப்பிகளையும் குழைத்து எழுப்பப்பட்டது. நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பை அறிந்தவர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டார்.

படகுத்துறையிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதை ஓக் மரங்களின் குடைக்குள் செல்கிறது. கிளைகளிலிருந்து சாம்பல் நிற நாராகத் தொங்கும் ஸ்பானிஷ் பாசி உண்மையில் பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துச் செடி. மணல்மேட்டில் காட்டுக் குதிரைகள் மேயும் காட்சியே பலரை இங்கே இழுக்கிறது என்றாலும், நேரில் பார்க்கும்போது விலா எலும்பு தெரியும் குதிரைகளும் அவற்றில் உண்டு. அவற்றுக்குத் தீவனமோ மருத்துவமோ கிடையாது. மணலைப் பிடித்து நிறுத்தும் புல்லை அவை மேய்ந்துவிடுகின்றன என்ற குறையும் நெடுநாளாக இருந்து வருகிறது. படங்களில் இதெல்லாம் தெரிவதில்லை.

சிறு குழந்தைகளோ வயதில் மூத்தவர்களோ உடன் வந்தால் ஜெக்கில்தான்: சைக்கிள் பாதை, கடலாமைகளுக்குச் சிகிச்சை தரும் மையம், சாப்பாட்டுக் கடை எல்லாம் அருகருகே உள்ளன. நடக்கத் தெம்புள்ளவருக்கு ஒரே நாள்தான் இருக்கிறதென்றால், தயங்காமல் கம்பர்லண்டைச் சொல்வேன். இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் ஜெக்கிலைப் பார்த்துவிட்டு, இரவு செயின்ட் மேரீஸில் தங்கி, காலைப் படகைப் பிடிப்பது நல்லது. இடைத் தொலைவு ஒரு மணி நேரப் பயணம்தான். மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பரில் போனால் வெயிலும் கொசுவும் பொறுக்கும்படி இருக்கும். தண்ணீரும் உணவும் முதல் நாள் இரவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால், தனிப்படகை வாடகைக்கு அழைத்துத்தான் கரை சேர வேண்டியிருக்கும்.