நின்று ஓட்டுவதா, உட்கார்ந்து ஓட்டுவதா?

தண்ணீரில் பைக் போல ஓட்டும் ஜெட் ஸ்கியில் இரண்டு வகை. உட்கார்ந்து ஓட்டும் சீ-டூவை பம்பார்டியர் நிறுவனம் 1968-லேயே விற்றுப் பார்த்தது; எடுபடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கவாசாகி கொண்டுவந்தது நின்று ஓட்டுவது. மோட்டோகிராஸ் (மண்பாதை பைக் பந்தய) வீரர் கிளேட்டன் ஜேக்கப்சனின் யோசனை அது. 1986-ல் யமஹாவின் வேவ்ரன்னர் வந்த பிறகுதான் இருக்கை வகை காலூன்றியது.

சரி, நம் டெல்டாவுக்கு எது? பூம்புகார் பக்கம் அலையில் விளையாட நின்று ஓட்டுவதுதான் சுகம். எடை குறைவு, சட்டென்று திரும்பும். ஆனால் பழகாதவர் வேகத்தைக் குறைத்ததுமே தண்ணீரில் விழுவார். ஆள் மீட்க வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், இருக்கை வகைதான். பின்னால் மிதவைப் பலகை கட்டி ஒருவரை ஏற்றி வரலாம்.

ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. அடியில் உள்ள கம்பி வலை வழியே நீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சித்தான் ஓடுகின்றன. வாய்க்காலில் ஆகாயத்தாமரை வேர் அந்த வலையில் சுற்றிக்கொண்டால் வண்டி நகராது. திரும்புவதும் அந்தப் பீய்ச்சலால்தான். பழைய வண்டிகளில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலைத் திருப்பினால் நேராகவே போகும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் இரண்டுமே வேண்டாம். சேறு கலங்கும், பறவைகள் கலையும். அங்கே துடுப்புப் படகு போதும்.