ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளலாம் என்று சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்

மொத்தம் 16,300 ரூபாய் போச்சு. கியர்பாக்ஸுக்கு என்ன ஆகும் என்பது தனிக் கணக்கு. வேளச்சேரிப் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் சுற்றவே இல்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் அலறுகிறது, அதனால் பேட்டரியில் கோளாறு இல்லை என்று எனக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து வயர் போட்டுப் பார்த்தோம், அதே 'டக்'. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போய்விட்டது. தெருமுனை மெக்கானிக் ஷெட்டுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்த பையன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "சார், நியூட்ரல்ல வெச்சுத் தள்றோம். வேகம் எடுத்ததும் டிரைவ்ல போடுங்க, புடிச்சுக்கும்." அப்பாவின் மாருதி 800ஐ செகண்ட் கியரில் எத்தனையோ முறை தள்ளி ஸ்டார்ட் செய்தவன் நான், அதனால் நம்பிவிட்டேன். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், பையன் எல்லாரும் சேர்ந்து தெருக்கோடி வரை மூன்று தடவை தள்ளினார்கள். ஒரு உறுமல்கூட இல்லை. எப்படி வரும்?

மேனுவல் வண்டியில் சக்கரம் சுற்றினால் கிளட்ச் வழியாக எஞ்சினும் சுற்றும். என் வண்டி மாதிரி டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது) ஆட்டோமேட்டிக்கில் கியரைப் பிடித்து வைப்பது ஆயில் அழுத்தம். அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்பைச் சுற்றுவதே எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் அழுத்தம் கிடையாது. டிரைவில் போட்டாலும் உள்ளே நியூட்ரல்தான். ரொம்பப் பழைய அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் சக்கரப் பக்கம் இன்னொரு பம்ப் இருந்தது, அதெல்லாம் தள்ளினால் கிளம்பும். 1960களோடு அது போயே போச்சு. இதெல்லாம் பிறகு தேடிப் படித்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

தள்ளியதோடு விட்டிருந்தால் வியர்வைதான் நஷ்டம். அடுத்து ஒரு குட்டி யானை மினி லாரியைக் கொண்டுவந்து கயிறு கட்டினார்கள். மேடவாக்கம் தாண்டி அவர்களுடைய பெரிய ஷெட் வரைக்கும் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போனார்கள். ஸ்டியரிங்கில் நான். எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது, பிரேக்கை மிதித்தால் கட்டையை மிதித்த மாதிரி இருந்தது. பள்ளிக்கரணையில் ஒரு பஸ் குறுக்கே வந்தபோது குட்டி யானையின் முதுகில் ஏறாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். கியர்பாக்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உள்ளே பல்சக்கரங்களுக்கு ஆயில் அனுப்புவதும் அதே பம்ப்தான், அது நிற்கும்போது கியர்பாக்ஸோடு இணைந்த முன் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. முன் சக்கரம் தரையில் படாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்று வண்டிக் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. என் இன்சூரன்ஸில் காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டி இலவசம் என்பதும் டேஷ்போர்டுக்குள் தூங்கிய காகிதத்தில் இருந்தது!

பில்: புது செல்ஃப் 11,500, வேலைக்கூலி 1,800, இழுத்த கூலி 3,000. பழைய மோட்டாரைக் கேட்டேன். "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் சார்" என்றார் முதலாளி. சரி என்று வந்துவிட்டேன்.

மூன்றே வாரத்தில் மறுபடி 'டக்'. இந்த முறை சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரை, நாற்பது வருடமாக ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை செய்பவரை, வீட்டுக்கே வரவழைத்தேன். முதலில் பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தார், பிறகு நியூட்ரலில் வைத்துச் சாவி போடச் சொன்னார். அப்புறம் பார்க்கில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, என்னைச் சாவி திருப்பச் சொல்லி, வீல் ஸ்பானர் பிடியால் மோட்டார் உடம்பில் மெதுவாகத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. "மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு தம்பி. இது ஷெட்டுக்குப் போற வரைக்கும்தான் தாங்கும்."

கழற்றித் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெளியே புதுக் கறுப்பு பெயின்ட், உள்ளே காய்ந்த சேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சக்கரம் முங்க நின்ற வண்டி இது. மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் புத்திசாலிகள், நான் சோம்பேறி. "புது மோட்டாருக்குள்ள வேளச்சேரி சேறு எப்படிப்பா வரும்?" என்று பெரியவர் சிரித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, என் மோட்டாரையே எனக்கு விற்றிருக்கிறார்கள். பிரஷ் மாற்றிச் சுத்தம் செய்ய அவர் வாங்கியது 1,400 ரூபாய்.

இப்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியர் மாறும்போது ஒரு உதறல். இழுத்ததால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பு அது இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிப் பார்த்தால் கறுத்து, தீய்ந்த வாடை. ஷெட்டுக்குப் போய்ச் சேறு படிந்த மோட்டார் போட்டோவைக் காட்டினேன். "வாரண்டி இல்லன்னு பில்லுலயே எழுதியிருக்கே சார்" என்றார் முதலாளி. பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறது, பின்பக்கத்தில்.