எக்ஸ்-ரோடு: துறைகளுக்கிடையே தரவை அனுப்பும் மென்பொருள் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு எவ்வளவு தூரம் உதவும்?

உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனிக்கும் துறைகள் தரவைப் பகிர்வதில் இரண்டு வகையாகத் தோற்றிருக்கின்றன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட இருவரைப் பற்றிய தகவல் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் சிஐஏவிடம் இருந்தும், அவர்கள் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது 2001 ஆகஸ்டு கடைசியில்தான். அப்போது இருவரும் நாட்டுக்குள் இருந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு கதவுகளை அகலத் திறந்துவிட்டதன் விளைவு 2010இல் தெரிந்தது. ஒரே ஓர் இராணுவப் பகுப்பாய்வாளரால் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தூதரகத் தந்திகளை நகலெடுத்து வெளியே கொடுக்க முடிந்தது. இந்தப் பணிக்கென்று முன்வைக்கப்படும் எந்த மென்பொருளையும் இவ்விரண்டு தோல்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதே முறை.

எக்ஸ்-ரோடு எஸ்தோனியாவில் 2001இல் பயன்பாட்டுக்கு வந்தது. எஸ்தோனியாவும் பின்லாந்தும் சேர்ந்து 2017இல் தொடங்கிய நிறுவனம் இப்போது அதைப் பராமரிக்கிறது. ஐஸ்லாந்து பின்னர் அதில் இணைந்தது. மூலநிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் வெளிப்படையாகக் கிடைப்பதால் யார் வேண்டுமானாலும் நிறுவிப் பார்க்கலாம். சோதனைக்கெனத் தரப்படும் டாக்கர் பதிப்பையும் (தேவையானதெல்லாம் ஒரே பொதியாக வருவது) தொழில்நுட்ப ஆவணங்களையும் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இதன் முதல் சிறப்பு, தரவை ஓரிடத்தில் குவிக்காமல் இருப்பது. ஒவ்வொரு துறையும் தன் கணினி அமைப்புக்கு முன்னால் பாதுகாப்பு சர்வர் ஒன்றை நிறுத்துகிறது. கேள்வியும் பதிலும் அந்த சர்வர்களுக்கிடையே நேராகவே போய்வருகின்றன. மைய சர்வருக்கு உறுப்பினர் யார், அவர்களின் டிஜிட்டல் அடையாளத்துக்குச் சான்று தரும் எந்த அமைப்பை நம்பலாம் என்பதைச் சொல்லும் வேலை மட்டுமே உண்டு. எந்தச் செய்தியும் அதன் வழியாகப் போவதில்லை. ஒரு கடவுச்சீட்டு எண்ணின் பேரில் பிடியாணை நிலுவையில் உள்ளதா என்று குடியேற்றத் துறை கேட்டால், காவல்துறையின் பதிவேடு முழுவதும் இடம்பெயராமல் அந்த ஒரு பதில் மட்டுமே வந்துசேரும். அனுமதியும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக, இன்ன துறையின் இன்ன அமைப்புக்கு என்றுதான் தரப்படுகிறது. தரப்படாதவரை யாருக்கும் எதுவும் கிடைக்காது. 2010இல் நடந்ததைப் போன்ற மொத்தக் கொள்ளைக்கு இந்த அமைப்பில் இடம் மிகக் குறைவு. ஆனால் "பட்டியல் முழுவதையும் அனுப்பு" என்று ஒரு துறையே சேவையை வடிவமைத்துவிட்டால் எக்ஸ்-ரோடு அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

செல்லும் ஒவ்வொரு செய்தியிலும் துறையின் டிஜிட்டல் கையொப்பமும் நேர முத்திரையும் பதிந்து, இரு பக்கத்துப் பதிவேட்டிலும் அது சேமிக்கப்படுகிறது. கேட்டவர் பின்னாளில் "நாங்கள் கேட்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். ரெஸ்ட் முறையில் (இணையத்தில் கணினி அமைப்புகள் ஒன்றையொன்று கேட்கும் பரவலான முறை) அனுப்பும் கோரிக்கையின் தலைப்பகுதியில் 'எக்ஸ்-ரோடு-கிளையன்ட்' என்ற வரி கட்டாயம். எந்த நாட்டு அமைப்பு, எந்த வகை உறுப்பினர், எந்தத் துறை, அதற்குள் எந்தத் துணை அமைப்பு என்பதை அது சொல்கிறது. கேட்ட அலுவலரைக் குறிக்கும் 'யூசர்-ஐடி', எந்த வழக்குக்காக அல்லது கோப்புக்காகக் கேட்கிறார் என்பதைக் குறிக்கும் 'இஷ்யூ' ஆகிய இரண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன. நிரப்பினாலும், அந்த வழக்கு எண் உண்மையா என்று மென்பொருள் சரிபார்ப்பதில்லை. ஆக, காவல்துறை கேட்டது என்பதற்கு அசைக்க முடியாத சான்று இருக்கும். ஓர் அதிகாரி தம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் துருவினாரா, வழக்கு விசாரணைக்காகக் கேட்டாரா என்பதற்கு அந்தத் துறையின் சொந்த ஒழுங்குதான் சான்று. வரி அலுவலகத்துக்கும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் இது போதுமானதாக இருக்கலாம். சந்தேகத்தின் பேரில் மனிதர்களைத் தேடும் துறைகளுக்கு இவ்விரண்டு வரிகளையும் விருப்பத்துக்கு விடுவது பெரும் குறை என்பேன். எஸ்தோனியாவில் தம் தரவை எந்த அமைப்பு எப்போது பார்த்தது என்று குடிமக்களே காணும் வசதி இருக்கிறது. ஆனால் அது எக்ஸ்-ரோட்டுக்கு மேல் தனியாகக் கட்டப்பட்டது, நிறுவியவுடன் தானாகக் கிடைப்பதன்று.

நிர்வாகம் எளிதன்று. கையொப்பச் சாவி தனிக் கருவியில் இல்லாமல் சர்வரிலேயே கோப்பாக, அதாவது மென்பொருள் டோக்கனில் இருந்தால், சர்வரை மறுபடி இயக்கும்போதெல்லாம் அதற்கான பின் எண்ணை உள்ளிட வேண்டும். அதுவரை ஒரு செய்தியும் நகராது. தானாக உள்ளிட ஒரு துணைத் தொகுப்பு உண்டு என்றாலும், பின் எண்ணை அதே கணினியில் வைப்பதை நான் விரும்பவில்லை. செய்திப் பதிவேட்டைக் குறியாக்கம் செய்யும் வசதி 2021இல் வெளியான ஏழாம் பதிப்பில்தான் வந்தது, அதையும் நிர்வாகியே இயக்க வேண்டும். காப்பகத்துக்குப் போன செய்திகள் இயல்பு அமைப்பில் 30 நாட்களில் தரவுத்தளத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், காப்பகக் கோப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்த ஒருவரைப் பொறுப்பாக்குவது அவசியம்.

இனி 2001இன் தோல்விக்கு வருவோம். எக்ஸ்-ரோடு கேட்டால் பதில் சொல்லும். கேட்காதவரிடம் போய்ச் சொல்லாது. ஒரு துறையிடம் இருக்கும் பெயர் இன்னொரு துறைக்கு முக்கியமானது என்பதை உணர்ந்து தானாக அனுப்பிவைக்கும் ஏற்பாடு அதில் இல்லை, அன்று தேவைப்பட்டதோ அதுதான். அதோடு, ஒரே மனிதரின் பெயரை இரு துறைகள் இரு விதமாக எழுதியிருந்தால் அதைச் சேர்த்துப் பார்க்கும் வேலையும் இதனுடையதன்று.

எல்லைச் சோதனை, பிடியாணை, ஆயுத உரிமம் போன்று கேள்வி திட்டவட்டமாக இருக்கும் பணிகளுக்கு எக்ஸ்-ரோட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு முன், பாதுகாப்புத் துறைகளுக்குரிய ஒவ்வொரு சேவையிலும் வழக்கு எண் இல்லாத கோரிக்கையைத் தரவு தரும் பக்கமே திருப்பியனுப்பும்படி நிரல் எழுதிக்கொள்ள வேண்டும்.