ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: மூலையில் த்ரோ போடுவது அநியாயமா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சண்டை கேமை 2023 ஜூனில் கேப்காம் நிறுவனம் வெளியிட்டது. சண்டை கேம் வாங்கப்போகிற யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பயிற்சி அறையில் ஒவ்வொரு அடிக்கும் ஃபிரேம் கணக்கு, அதாவது அடி எத்தனை நொடித்துளியில் தொடங்கி முடிகிறது என்பது, திரையிலேயே ஓடும். அது ஒன்றுக்கே காசு கொடுக்கலாம்.

த்ரோ என்றால் எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறிவது; பிளாக் செய்து அதைத் தடுக்க முடியாது. ஆன்லைனில் இறங்கியதும் ஒரு புலம்பல் காதில் விழும்: "த்ரோ போட்டே ஜெயிக்கிறான், மானமே இல்லை!" கென் மாதிரி கேரக்டரிடம், பின்வாங்க இடமில்லாத மூலையில் மாட்டினால் ஒரு த்ரோ, எழுந்ததும் இன்னொரு த்ரோ. அதை முறிக்க நாமும் த்ரோ பட்டனை அழுத்தினால், அவர் சட்டென்று பின்னால் நகர்ந்துவிடுவார். நம் கை காற்றைப் பிடிக்கும்போது முழு காம்போ, அதாவது தொடர் அடி, விழும். கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் இதில் அநியாயம் எதுவும் இல்லை. பிளாக் செய்துகொண்டே உட்கார்ந்திருப்பவரை அசைக்கத்தான் த்ரோவே இருக்கிறது. துணிந்து குதித்தால் தப்பலாம். மூலையில் த்ரோ வாங்கியவருக்குக் கேப்காம் இன்னும் கொஞ்சம் இடைவெளி கொடுத்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சிறப்பு அடிகளை எளிதாகப் போடவைக்கும் மாடர்ன் கண்ட்ரோலைப் பற்றியும் ஏச்சு நிறைய. ஒரே பட்டனில் ஷோர்யூகன் (எகிறி மேலே குத்தும் அடி) வரும், பதிலுக்கு அதன் அடி 20 சதவீதம் குறையும். விலை கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்? மணிக்கட்டு வலியோடு இருக்கும் என் அண்ணன் இதனால்தான் மறுபடி விளையாட வந்தார்.

எனக்குக் கோபம் வருவது தோற்கப்போகிற நொடியில் இணைப்பைப் பிடுங்குகிறவர்கள் மேல்தான். புதிதாக வாங்குகிறவர்கள் தரவரிசைக்கான ரேங்க் மேட்சுக்கு முன்னால், பயிற்சி அறையில் எதிரே நிற்கும் பொம்மையை மூலையில் த்ரோ போடவைத்துத் தப்பிப் பழகுங்கள்.