எரிவாயுவிலிருந்து பிறந்த டீசல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தால் தண்ணீர் என்றே எண்ணத் தோன்றும். மூக்கருகே கொண்டுபோனால்தான், அதுவும் மெழுகுவர்த்தியின் வாடையைப் போல மெலிதாக, எரிபொருள் என்பது புலப்படும். இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகும் இந்த ஜிடிஎல் (Gas-to-Liquids, வாயுவைத் திரவமாக்குதல்) டீசலை எங்கள் பணிமனையை ஒட்டியுள்ள ஜெனரேட்டருக்கு ஓராண்டாக ஊற்றிவருகிறோம்.

மீத்தேனை ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக்கி, அதைக் கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தி நீண்ட சங்கிலிகள் கொண்ட மெழுகாக வளர்த்து, பிறகு அந்த மெழுகை ஹைட்ரஜன் கொண்டு உடைத்து டீசல், மண்ணெண்ணெய், நாப்தா, மசகு எண்ணெய்க்கான மூலப்பொருள் எனப் பிரித்தெடுக்கிறார்கள். 1920களில் ஜெர்மனியில் வேதியியலாளர்கள் பிஷரும் டிராப்ஷும் நிலக்கரியை மனத்தில் வைத்துக் கண்ட வழி இது; இன்று கத்தாரின் ராஸ் லஃபானில் உள்ள பேர்ல் ஆலை இதே வழியில் நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் வரை தயாரிக்கும் திறன் கொண்டது. கந்தகம் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் அதைத் தொடக்கத்திலேயே நீக்கியாக வேண்டும். ஆகவே இந்த டீசலில் கந்தகம் ஏறக்குறைய இல்லை, புகைக்கரிக்குக் காரணமான அரோமேட்டிக் சேர்மங்களும் மிகக் குறைவு.

டீசல் எவ்வளவு விரைவாகப் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் இதற்கு 70க்கு மேல் என்பதன் பொருளைக் குளிர்ந்த காலைகளில்தான் உணர்ந்தோம். முன்பெல்லாம் இயந்திரம் கிளம்பியதும் சில நிமிடங்கள் வெண்புகை சூழும், கண் எரியும். இப்போது முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்கிறது, தடதடப்பும் தணிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. அடர்த்தி குறைவானதால் ஒரு லிட்டரில் அடங்கும் ஆற்றலும் சற்றுக் குறைவு. அதே சுமைக்கு லிட்டர் கணக்கு கூடத்தான் செய்கிறது. மூன்றாம் மாதத்தில் எரிபொருள் பம்பின் பழைய ரப்பர் சீல் கசியத் தொடங்கியது. வழக்கமான டீசலின் அரோமேட்டிக் சேர்மங்களில் ஊறி உப்பியிருந்த ரப்பர், அவை இல்லாதபோது சுருங்கிவிடும் என்பதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதிய ரப்பர் சீல் பொருத்தியபின் தொல்லை இல்லை.

விற்றவர் தந்த துண்டறிக்கையில் ‘பசுமை எரிபொருள்’ என்றிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. புகைக்குழாயில் தூய்மை உண்மைதான். ஆனால் எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த மாற்றத்திலேயே செலவாகிவிடுகிறது, மூலப்பொருளும் புதைபடிவமே.

அடுத்த கொள்முதலிலும் இதையே கேட்டிருக்கிறேன், ஆட்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஜெனரேட்டருக்கு மட்டும். வெட்டவெளியில் நிற்கும் பழைய நீரேற்று இயந்திரத்துக்கு வழக்கமான டீசலே போகிறது.